மறந்தவரோடு பேசுதல்



மருதமுனையில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூத்தம்மா ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பொழுது சாய்கிறது. "மகன் கடலால வந்திட்டானா?" என்று அவர் கேட்கிறார். அந்த மகனோ 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மறைந்தவன். அன்று இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டமே.

மகள் என்ன விடை சொல்வாள்? "காக்கா மவுத்தாகிட்டாரே, உம்மா" என்றால், தாய்க்கு அது ஒவ்வொரு நாளும் புதிய செய்தி. ஒவ்வொரு நாளும் புதிய அழுகை. "வருவார்" என்றால் அது பொய்.

இத்தகைய மறதி நோயொன்றை 1906இல் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். நோய் முற்ற முற்ற மறதி பின்னோக்கிப் படர்கிறது. நேற்றைய நிகழ்ச்சி முதலில் போகும். பல ஆண்டுகளுக்கு முந்தியது பின்னர் போகும். இளமைக் காலமோ நெடுநாள் நிற்பதுண்டு.

இந்தத் துயரத்தை அமைதியான விஞ்ஞானப் புனைவாக்கியவர் அமெரிக்க நாடகாசிரியர் ஜோர்டன் ஹாரிசன். 2014இல் அரங்கேறி, 2017இல் திரைப்படமாகவும் வந்த அவரது 'மார்ஜரி பிரைம்' நாடகத்தில் விண்கலமில்லை, போருமில்லை. நினைவிழந்து வரும் முதியவளோடு, இறந்த கணவரின் இளமைத் தோற்றங்கொண்ட இயந்திர உரு ஒன்று உரையாடுகிறது. வீட்டார் சொல்லிக் கொடுத்ததே அதன் அறிவு. கணவர் மணம் பேசிய இரவில் பார்த்த திரைப்படத்தை மாற்றிச் சொல்லலாமே என்கிறாள் மார்ஜரி. அடுத்த முறை அதுவே உண்மையாகிவிடுமாம்! இறந்துபோன மகனைப் பற்றியோ அவள் நெடுங்காலம் வாய் திறந்ததில்லை.

அத்தகைய இயந்திரம் நமது திண்ணைக்கும் ஒருநாள் வரலாம். ஆயிரம் முறை கேட்டாலும் சலிக்காமல் விடை சொல்லும். ஆயினும் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற பொறுப்பு நம்மிடமே இருக்கும்.

பொய்யுமின்றிப் புண்படுத்துதலுமின்றி மூன்றாவது வழியொன்று உண்டு. மகள் தாயின் கையைப் பற்றி, "சின்ன வயசில காக்கா எப்படி, உம்மா?" என்று கேட்கலாம். தாய் சொல்லத் தொடங்குவார். அருகிலிருக்கும் பேரப்பிள்ளை, தான் காணாத மாமாவைக் கேட்டறிவான்.

தாயிடமிருந்து நழுவுவது அந்தப் பிள்ளையிடம் தங்கும். இயந்திரம் வருமுன்னரே நம்மால் செய்யக்கூடியது இது. ஆனால், நாளைக்கென்று ஒத்திவைக்கக் கூடியதன்று.