ரசாயன மாணவனுக்குச் சட்டம் எதற்கு?

(கல்லூரி ரசாயன மன்றத்தின் தொடக்க விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்பு பேசிய பெரியவர், விஞ்ஞானம் ஒரு தவம் என்றும், அந்தத் தவச்சாலைக்குள் வக்கீலின் கறுப்புக் கோட்டையும் வியாபாரியின் பேரேட்டையும் கொண்டுவந்து நுழைப்பது யாகசாலையில் சந்தை கூட்டுவதற்கு ஒப்பாகும் என்றும் அழகாகச் சொல்லி, உங்கள் கரகோஷத்தையும் பெற்று அமர்ந்திருக்கிறார். நானும் கை தட்டினேன். தமிழ் அத்தனை நன்றாக இருந்தது. ஆனால் அவர் கருத்தை என்னால் ஒரு சிறிதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ரசாயனமோ, மருந்தியலோ, உயிரியலோ, பொறியியலோ பயிலுகிற மாணவருக்குச் சட்டமும், அடக்கவிலைக் கணக்கும், தொழிலக நிர்வாகமும் பட்டப்படிப்பின் உள்ளேயே, பரீட்சைக்குரிய கட்டாயப் பாடமாக, அந்தந்த விஞ்ஞானத்தின் உதாரணங்களைக் கொண்டே கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்று காலை அதைச் சுற்றிப் பார்த்தபோது, டைட்ரேஷன் செய்துகொண்டிருந்த ஒரு மாணவர், பியூரெட்டில் கண்ட அளவைப் பென்சிலால், அதுவும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில், குறித்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, நோட்டு இல்லையா?" என்றேன். "அப்சர்வேஷன் நோட்டில் அப்புறம் எழுதிக்கொள்வேன் சார், அதற்கப்புறம் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி சார்கிட்டே கையெழுத்து வாங்கணும்" என்றார். படம் வரைந்து, கோடு போட்டு, பழுப்பு அட்டை ஒட்டிய அந்த ரெக்கார்டு நோட்டுக்குத்தான் நாம் மதிப்பெண் கொடுக்கிறோம். உண்மை கிடந்ததோ பஸ் டிக்கெட்டில். நான் இருபத்தைந்து ஆண்டுக் காலம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். எங்களோடு பணிபுரிந்த, விஷயம் நன்கு தெரிந்த ஒரு நண்பர், மருந்தின் தரத்தைப் பற்றிய வழக்கொன்றில் சாட்சிக் கூண்டில் ஏறினார். தாம் செய்த சோதனையை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினார். எதிர்க்கட்சி வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே, இது எப்போது எழுதியது? முதலில் குறித்த தாள் எங்கே?" என்று கேட்டார். அந்தத் தாளை அவர் கிழித்து எறிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருடைய ரசாயனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் அன்றோடு அவர் சாட்சியம் முடிந்தது. பக்க எண் இட்டுத் தைத்த ஏடு, மை எழுத்து, தவறானால் ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் தேதியும் கையொப்பமும், அன்றன்று வேறொருவரின் சாட்சிக் கையெழுத்து என்ற இந்த நாலு விதிகளைச் சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். மூன்று ஆண்டுகளில் அந்த அரைமணி நேரம் நமக்குக் கிடைக்கவில்லை.

வியாபாரம் கலந்தால் விஞ்ஞானம் மாசுபடும் என்பவர்களுக்கு, கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஒரே காலத்தில் ஆசிரியர்களாக இருந்த இருவரை நினைவூட்டுகிறேன். பௌதிகம் கற்பித்த ஜகதீச சந்திர போஸ், தம் கண்டுபிடிப்பைப் பணமாக்குவதில் மனம் ஒட்டாதவர். அன்பர்கள் வற்புறுத்தியதன் பேரில், மின்னலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றாரெனினும், அதைக்கொண்டு பொருள் ஈட்ட முற்படவில்லை. ரசாயனம் கற்பித்த பிரபுல்ல சந்திர ராயோ, 1892-இல் எழுநூறு ரூபாய் முதலோடு வாடகை வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கி, 1901-இல் அதைப் பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற லிமிடெட் கம்பெனியாக்கினார். அதே ராய்தான் பாதரச நைட்ரைட்டை ஆராய்ந்தவர். இந்திய ரசாயனத்தின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதியவர். பேரேடு தொட்ட கை ஆராய்ச்சிக்கு உதவாது என்றால், ராயின் கையை என்ன சொல்வது? போஸைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. துறவு பூணுவது அவர் உரிமை. தெரிந்து துறப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. நம் மாணவர்கள் துறக்கவில்லை ஐயா, இழக்கிறார்கள்.

சட்டம் விஞ்ஞானத்துக்கு வெளியே நிற்பது என்பதும் பொய். சான்றுக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை, கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற காப்புரிமை அலுவலகத்தின் சரித்திரமே போதும். ரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் என்ற மருந்துக்காக, ஸ்விட்ஸர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது. கேட்ட உரிமை என்ன? இமாட்டினிப் மெஸிலேட் என்ற உப்பின் பீட்டா வகைப் படிகத்துக்கு. நமது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவோ, அறிந்த பொருளின் புதிய வடிவம் பயன்திறனில் மேம்பட்டாலன்றிக் கண்டுபிடிப்பாகாது என்கிறது. இந்தப் படிகம் நன்றாக உதிர்ந்து ஓடும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும், வெப்ப இயக்கவியல்படி உறுதியாக நிற்கும் என்றார்கள். உடலில் முப்பது சதவிகிதம் கூடுதலாகச் சேர்கிறது என்றும் வாதித்தார்கள். சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு படிப்படியாக ஏறி, 2013 ஏப்ரல் முதல் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன், உதிர்ந்து ஓடுவதும் ஈரம் இழுக்காமையும் நோயைத் தீர்ப்பதில்லை, உடலில் கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகத் தீர்கிறது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் வேண்டும், அது காட்டப்படவில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்தின் கதி, படிகத்தின் ஈரப்பசையிலும் ஒரு சட்டச் சொல்லின் பொருளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. இதில் ரசாயனம் எங்கே முடிந்தது, சட்டம் எங்கே தொடங்கியது என்று எனக்கு முன்பு பேசியவர் கோடு கிழித்துக் காட்டட்டும். நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

பட்டம் பெற்றபின் எம்.பி.ஏ. படித்துக்கொள்ளட்டுமே என்று பேராசிரியர் ஒருவர் தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார். படிக்கிறார்கள், படித்தபின் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவதில்லை, சோப்பு விற்கப் போய்விடுகிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. 2006-இல் ஒரு சட்டப் பள்ளியே தொடங்கி, விஞ்ஞானமும் பொறியியலும் படித்தவர்களுக்கு அறிவுசார் சொத்துச் சட்டம் கற்பிக்கிறது, நல்ல காரியம். காப்புரிமை முகவர் பரீட்சைக்கும் விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் வேண்டும் என்று விதியிருக்கிறது. அந்த வாசல் தங்களுக்காகத் திறந்திருப்பதை இங்கே எத்தனை மாணவர் அறிவீர்கள்? ஆனால் நான் கவலைப்படுவது வக்கீலாகப் போகிறவர்களைப் பற்றியல்ல, விஞ்ஞானியாகவே இருக்கப் போகிறவர்களைப் பற்றி. சால்ட் அனாலிசிஸில் குரூப் குரூப்பாகப் பிரித்து உப்பைக் கண்டுபிடிக்கிற மாணவனிடம், அந்த உப்பு கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்ற ஆட்சேபத்துக்குப் போபாலைத்தான் பதிலாகச் சொல்வேன். 1984 டிசம்பரில் ஓர் இரவு அங்கிருந்த ஆலையிலிருந்து விஷவாயு வெளிவந்தபோது, அதன் கொள்கலத்தைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. குளிர்விக்காவிட்டால் என்னாகும் என்பது ரசாயனம் படித்தவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்ததை மேலிடத்துக்கு எந்தச் சட்டத்தின் பெயரால் எழுதுவது, எந்தக் கையெழுத்தை மறுப்பது என்பதை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. 2010-இல் தண்டிக்கப்பட்டவர்களுள் பணிமனை மேலாளரும், உற்பத்தி மேலாளரும், ஆலைக் கண்காணிப்பாளரும் இருந்தார்கள். நாளை உங்களுள் சிலர் அந்த நாற்காலிகளில் அமரப் போகிறீர்கள். தொழிற்சாலைகளுக்கான சட்டம் மேலாளர் என்று யாரைத் தேடுகிறது என்பதைப் படிவத்தில் ஒப்பமிட்ட பிறகா தெரிந்துகொள்வது?

சட்டக் கல்லூரியிலிருந்து ஒருவரை வாரம் ஒருநாள் அழைத்து வந்து ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் மாணவர்கள் தூங்குவார்கள், தூங்குவதும் நியாயமே. ரசாயனப் பேராசிரியரே அந்த இமாட்டினிப் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக அமைப்பை நடத்தட்டும். வினைவிளைவைக் கணக்கிடும்போதே கரைப்பானின் விலையையும் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லட்டும். இரண்டு பருவங்களுக்கு வாரம் மூன்று மணி நேரம், அவ்வளவே கேட்கிறேன்.

பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்; வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகிற வழியில் படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பென்சிலால் வேண்டாம், பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.