தூரிகையால் பூசும் உலோகக் கவசம்

இரும்பின் தீராப் பகைவன் துரு. வைகைச் சமவெளியில் மெல்லத் தொழில் புரியும் அப்பகைவன், உப்புக் காற்று வீசும் மண்டபம் கடற்கரையில் விரைந்து செயற்படுகிறான். ஆகவேதான், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் உலோகங்களைச் சோதித்து வருகின்றனர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நல்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிலையம் அது.

மண்டபத்திற்கு அணித்தே உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் ஒன்று உண்டு. இத்தகைய இடங்களில் நிற்கும் விமானத்தின் எஃகு உறுப்பில் சிறிதளவு முலாம் உரிந்தாலும் துரு நுழைந்துவிடும். அதற்காக உறுப்பு முழுவதையும் கழற்றித் தொட்டியில் அமிழ்த்த வேண்டுமா? வேண்டுவதில்லை.

நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரைப் பாருங்கள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புகிறார்கள். தூரிகை முலாமிலும் தேய்ப்பு உண்டு. ஆயின் நெருப்புக்குப் பதில் மின்சாரம். பழுதுற்ற உறுப்பை எதிர்மின் முனையில் இணைத்து, துணி சுற்றிய கரிக்கட்டையை நேர்மின் முனையாக்கி, உலோகக் கரைசலில் தோய்த்துத் தேய்த்தால், தேய்த்த இடத்தில் மட்டும் உலோகம் படியும். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியின் மேல் செம்பு தானே படிவதை நான் வகுப்பில் பன்முறை காட்டியதுண்டு. இங்கே மின்சாரம் படியச் செய்கிறது.

நெடுங்காலமாக இவ்வாறு பூசப்பட்டது காட்மியம். தான் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும் குணம் அதற்குண்டு. ஆனால் அது கொடிய நஞ்சு. ஜப்பானில் சுரங்கக் கழிவிலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம், சோற்றின் வழியே உடலிற் புகுந்து எலும்புகளை நொறுக்கியது. அந்நோய்க்குக் காரணம் காட்மியமே என்று 1968-ல் ஜப்பானிய அரசு அறிவித்தது. 1993-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதனைப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது. தொட்டியருகே நிற்பவரினும் தூரிகையைக் கையில் ஏந்துபவருக்கு அந்நஞ்சு இன்னும் அண்மையில் உள்ளதன்றோ?

மாற்று, துத்தநாகமும் நிக்கலும் கலந்த முலாம். துத்தநாகம் எஃகுக்காகத் தன்னை ஈந்து காக்கும்; தனித்திருந்தால் விரைவில் கரைந்துவிடும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு நிக்கல் சேரின் அதன் கரைவு தணிகிறது. இதனைத் தூரிகையால் பூசும் முறையை அமெரிக்க இராணுவப் பழுதுபார்ப்புக்கெனச் சோதித்துள்ளனர். உறுதிமிக்க எஃகில் ஹைட்ரஜன் புகுந்து அதனை முறியச் செய்கிறதா என்றும் ஆராய்ந்த பின்னரே இத்தகைய முலாமை ஏற்பர்.

நிக்கலும் முற்றிலும் தீங்கற்றதன்று. கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. போர்வீரனின் உயிரைக் காக்கும் முலாம், அதனைப் பூசும் தொழிலாளியின் உயிரைக் குடிக்கலாகாது. நாளை ஆய்வுக்கூடம் புகும் நீங்கள், ஒரு பொருள் எத்துணை உழைக்கும் என்பதோடு, அதனை ஆக்கும் கைகளுக்கு என் செய்யும் என்பதனையும் கேட்பீர்களாக.