கட்டடக் கலையில் கணிப்பொறி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளுள் பலர் இன்று பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கட்டடப் பொறியியல் பயில்கின்றனர். ‘எந்த மென்பொருளைக் கற்றால் வேலை கிடைக்கும்?’ என்று அவர்கள் நம்மை வினவுகின்றனர். நியாயமான வினாவே. ஆயினும், அந்த மென்பொருளை யார் செய்தனர், எத்தேவைக்காகச் செய்தனர், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பவற்றை முதலில் அறிதல் நலம். ஒரே ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

டேனியத் தந்தைக்கும் நார்வேத் தாய்க்கும் பிறந்து, தத்துவம் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்ற ஓவ் அரூப் என்பார், 1946ஆம் ஆண்டில் இலண்டனில் கட்டடப் பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்நாளில் பொறியாளரின் கருவிகள் ஸ்லைடு ரூலும், மடக்கை வாய்பாடும், வரைபலகையுமே. ஒரு கணக்கை ஒருவர் போடுவார், மற்றொருவர் சரிபார்ப்பார். டிரேசிங் தாளில் மையினால் வரைந்த கோடு தவறினால், பிளேடினால் சுரண்டி மீண்டும் வரைய வேண்டும்.

1957இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இசையரங்கம் கட்ட நடந்த போட்டியில் யோர்ன் உட்சன் என்னும் டேனியக் கட்டடக் கலைஞரின் வடிவம் வென்றது. பாய் விரித்த மரக்கலங்கள் போன்ற கூரைகள்! கண்ணுக்கு அழகு, கணக்குக்கோ அடங்காதது. அந்த வளைவுகளுள் எவ்விடத்தில் எவ்வளவு விசை தாக்கும் என்று கையால் கணக்கிட முயன்றால் ஆண்டுகள் கழியும். எனவே அரூப் நிறுவனத்தார் பெகசஸ் என்னும் கணிப்பொறியை நாடினர். அது வால்வுகளால் இயங்கிய பெரும் பொறி. துளையிட்ட காகித நாடா வழியாகவே அதற்குக் கட்டளை தர இயலும். கடையில் வாங்குதற்கு மென்பொருள் இல்லாத காலம் அது. கணக்கின் முறையையும் பொறியாளர்களே வகுத்தாக வேண்டும்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கணிப்பொறி விசைகளைக் கணக்கிட்டது. ஆனால், கட்டுதற்கு எளிய வடிவத்தை அது தேடித் தரவில்லை. கூரைகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் பகுதிகளாகக் கொள்ளலாம் என்னும் தீர்வு 1961இல் மனித அறிவினின்றே பிறந்தது. அக்கோளத்தின் ஆரம் ஏறத்தாழ 75 மீட்டர். வளைவு எங்கும் ஒன்றாகவே, ஒரே வகை அச்சுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக் கான்கிரீட் பகுதிகளை வார்க்க முடிந்தது. 1973இல் அரங்கம் திறக்கப்பெற்றது.

தம் தேவைக்கென நிரல் எழுதிப் பழகிய அந்நிறுவனம், 1976இல் ஒயாசிஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தையே தோற்றுவித்துப் பிறருக்கும் நிரல்களை வழங்கலாயிற்று. வெளியுலகிலும் மாற்றம் விரைந்தது. 1982இல் ஆட்டோகேட் வெளிவந்தது. வரைபலகையின் இடத்தைத் திரை சிறிது சிறிதாகப் பற்றியது. பின்னர், தூண், உத்திரம், குழாய், மின்கம்பி யாவும் ஒரே முப்பரிமாண மாதிரிக்குள் அடங்கின. உத்திரத்தின் குறுக்கே குழாய் செல்லுமாயின், கட்டுமுன்னரே திரை அதனைக் காட்டிவிடும்.

இத்தனை வல்லமை வந்தபின் பிழையே நேராது என்று எண்ணலாமோ? இலண்டன் தேம்சு ஆற்றின்மீது அரூப் நிறுவனத்தார் வடிவமைத்த மில்லேனியம் நடைபாலம் 2000ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் திறக்கப்பெற்றது. மக்கள் திரண்டு நடந்தனர். பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆடும் பாலத்தில் விழாதிருக்கக் கால்களை அகற்றி, ஆட்டத்தோடு ஒத்து அடிவைத்தனர். அவ்வடிகளே ஆட்டத்தை மேலும் பெருக்கின. இரண்டே நாளில் பாலம் மூடப்பெற்றது. கணிப்பொறி கணக்கில் தவறவில்லை. திரளான மக்களின் பக்கவாட்டு அடி என்னும் வினா அதனிடம் முறையாகக் கேட்கப்படவில்லை. பின்னர், மனிதர்களை நடக்கவிட்டு அளந்து ஆராய்ந்து, அதிர்வு தணிப்பான்களைப் பொருத்தி, 2002இல் பாலத்தை மீண்டும் திறந்தனர். கண்டறிந்ததை மறைக்காது வெளியிட்டனர். உலகப் பொறியாளர் அனைவரும் பயன்பெற்றனர்.

வினாவைச் செம்மையாகக் கேட்டால் விளையும் பயனுக்கும் சான்று உண்டு. 2008 ஒலிம்பிக் போட்டிக்காகப் பீகிங்கில் எழுந்த நீச்சல் அரங்கம், நீர்க்குமிழிகளை அடுக்கினாற்போன்றது. ஏறத்தாழ 22,000 எஃகு உறுப்புகளைக் கொண்டது. ஓர் உறுப்பின் பருமனை மாற்றினால் மற்றவற்றில் விசை மாறும். ஒவ்வொன்றையும் கையால் தேர்தல் இயலாது. எனவே அந்நிறுவனத்தின் பொறியாளர்கள், வலிமை குறையாமல் எடை குறையும்வரை மீண்டும் மீண்டும் சோதிக்கும் நிரலை எழுதினர்.

இளைஞர்களே! பெகசஸ் மறைந்தது, காகித நாடா மறைந்தது. இன்று நீங்கள் பயிலும் மென்பொருளும் நாளை மாறும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் கற்றவர், மென்பொருள் மாறும்போது வேலையற்று நிற்பார். விசைகளின் சமநிலையைக் கற்றவருக்கோ எந்த மென்பொருளும் ஏவல் செய்யும்.

ஒரு பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். இருமுனையும் தாங்கிய எளிய உத்திரத்தில், மீட்டருக்கு இவ்வளவு எனச் சீராகப் பரவிய பளுவை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால், அதன் உச்ச வளைவுத் திருப்புத்திறன் கிடைக்கும். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பளு, 6 மீட்டர் நீளம் எனில் விடை 90 கிலோநியூட்டன் மீட்டர். இதைத் தாளில் எழுதிவிட்டுத் திரையைப் பாருங்கள். திரை 90,000 என்றால், கிலோநியூட்டன் என்பது நியூட்டனாக மாறியதா என்று தேடுங்கள். தாளில் கணக்கிட்டவனே திரையைக் கேள்வி கேட்க முடியும்.

நம் முன்னோருள் பலர் பிறர் மாளிகைகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தனர். சுவர் அவர்கள் கையால் எழுந்தது. அதன் கணக்கு அவர்கள் கைக்கு எட்டவில்லை. அக்கணக்கு இன்று உங்கள் கைக்கு வந்துள்ளது. அதைப் பொறியிடம் முழுதும் ஒப்படைத்துவிட்டு, மீண்டும் சுமப்பவராக மட்டும் நிற்றல் தகுமோ? கற்றவர்கள் கழகத்தின் மாலை வகுப்பிற்கு வாருங்கள். உங்களுக்கு இளையோர்க்கு மென்பொருளோடு அடிப்படைக் கணக்கையும் கற்பியுங்கள். அதுவே இவ்வெள்ளி விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பு.