பெயரும் முகமும்
(சொற்பொழிவின் எழுத்துரு)



கலத்திற்கு முகம் அமைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் அரிமாமுகமும் கொண்ட அம்பிகள் மக்களைக் கரையேற்றியமையை இளங்கோவடிகள் சிலம்பிற் காட்டுகின்றார். அவை ஆற்றோடங்கள். யான் இன்று கூறவந்தவை ஐரோப்பியப் போர்க்கலங்களின் அணியத்தில் நின்ற முகப்புப் பாவைகள். அவற்றின்வழி நம் ஊர்ப்பெயர்களைப் பற்றிய உண்மை ஒன்று விளங்கும்.

1628இல் கடலுள் மூழ்கி 1961இல் மேலெடுக்கப்பட்ட சுவீடன் நாட்டு 'வாசா' என்னும் கலத்தின் முகப்பில் பாய்வதுபோல் நிற்பது அரிமா. அஃது அந்நாட்டு மன்னனின் அடையாளம். பின்னாளில், பாவை கலத்தின் பெயரையே காட்டலாயிற்று. எழுத்தறியாத கடலோடியும் பாவையைக் கண்டு கலத்தை அறிந்தான்.

பாவையின் எடை அணியத்திற்குச் சுமையாயிற்று, செலவும் மிகுந்தது. ஆதலின் புதுக்கலங்களுக்குப் பாவை வேண்டா என 1796இல் ஆங்கிலக் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. ஆயினும் வழக்கம் மாயவில்லை, பாவையே சிறுத்தது. 'விக்டரி' கலத்தின் 1765ஆம் ஆண்டுப் பெரும்பாவை நீங்கி, அரசப்பொறியைத் தாங்கும் இரு சிறார் உருவங்கள் 1803இல் அவ்விடத்தைப் பெற்றன. தச்சன் முதலில் ஓவியம் வரைந்து, விலை குறித்து, தலைமையின் இசைவு பெற்ற பின்னரே உளியெடுத்தான்.

அவ்வோவியத்திற்கு வித்து யாது? கலத்தின் பெயரே! பெயர் கிரேக்க மறவனுடையதாயின் அம்மறவன் உருவாவான். தொலைநாட்டு ஊரின் பெயராயின்?

மலையாளக் கரைத் தேக்கால் மும்பையிற் கட்டப்பெற்று, 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கப்பெற்றது ஒரு போர்க்கலம். அதன் பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலையே அது! அதன் முகப்பில் நிற்பவனோ தலைப்பாகை அணிந்த ஒருவன். அங்கே கோணமலையும் இல்லை; கோணேசர் கோயிலும் இல்லை; ஈழத்தமிழன் சாயலும் இல்லை. 1819இல் அதே மும்பையில் இறக்கப்பெற்ற 'செரிங்கபட்டம்' கலத்திற்கோ, பெரும்பறவை மீது குடையேந்தி அமர்ந்த உருவம் வாய்த்தது. தோற்று வீழ்ந்த திப்புவையே அது குறிப்பதென்பர். அப்பாவை இன்றும் இலண்டனின் கிரீனிச்சு அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது.

தச்சனைப் பழித்துப் பயனில்லை. அவன் கையில் வந்தது உடைந்த பெயர். 'திரு' சிதைந்தது, 'கோணம்' குலைந்தது, 'மலை' மறைந்தது. பொருள் இழந்த பெயர்க்குப் பொருந்தா முகமே வாய்க்கும்!

அவனாவது அயலான், நாவிற்கு வாராமையால் உடைத்தான். நாம் ஏன் உடைக்கின்றோம்? திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சி' என்பவன் இங்கிலாந்தில் பிறந்தவனா? 2020 சூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு இயைய மாற்றி ஆணையிட்டது. சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டலிற் குறைகள் இருப்பின் திருத்தியிருக்கலாம். கருத்தையே கைவிடுதல் முறையாமோ?

'டிரிங்கோமலி' ஆர்ட்டில்பூல் துறையிற் செப்பனிடப்பெற்று, இன்றும் மிதந்து நிற்கின்றது. தேக்கு நம் பக்கத்தது; பெயரும் நம்முடையது; முகம் மட்டும் பிறர் செதுக்கியது. அரசாணைக்குக் காத்திராதீர்! உம் மடலில், கடைப்பலகையில், குழந்தையின் நாவில் உம் ஊர்ப்பெயர் முழுமையாக ஒலிக்கட்டும். பெயரைக் காத்தவனே தன் முகத்தைக் காப்பான்!

வெல்க தமிழ்!