தவணையைக் கூட்டச் சொன்னால்

கேரளத்தின் பீர்மேடு, ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கம் கொழுந்து பறிக்கும் குடும்பங்களுக்குக் கடன் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது சம்பளமும் கிராஜுவிட்டியும் பாக்கி நின்றன. தோட்டம் நின்றால், லயத்து வீட்டில் அடுப்பெரியக் கடன்தான் வழி.

இன்று வாசலுக்கு வருவது குழுக் கடன் என்ற நுண்கடன். வசூலுக்கு வருபவர், "அடுத்த மாசத்திலிருந்து கூட்டிக் கட்டுங்க" என்று அதட்டினால்?

முதலில் கடன் கொடுத்த நிறுவனம் தந்த கடன் அட்டையை எடுக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களின் நுண்கடனுக்கு, 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் தனி விதிகள் உண்டு. வட்டி, கட்டணம் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும் அதில் ஏற வேண்டும். அதுவும் கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளி அதைத் தமிழில் கேட்பது சலுகையல்ல, உரிமை.

கடன் கொடுக்கும்போதே, வீட்டின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்திருக்க வேண்டும். மாதம் 16,000 ரூபாய் வரும் வீட்டுக்கு 8,000-தான் எல்லை.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், சொந்தக்காரரைத் தொல்லை செய்வதும் கூடவே கூடாது.

கடன் நிறுவனத்திடம் அல்லாமல் தனியார் வட்டிக்காரரிடம் வாங்கியிருந்தால்? அவர்களை அடக்க 2014-இல் கேரள போலீஸ் 'ஆபரேஷன் குபேரா' நடத்தியது. அவர்கள் மிரட்டினால் ஸ்டேஷனுக்குத் தயங்காமல் போகலாம்.

குழுக் கடனில் தவணையைக் கூட்டச் சொன்னால் வாய்ப்பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். கடன் நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.