மோட்டார் சைக்கிளும் பயணப் பொதியும்

மாட்டு வண்டில் ஓட்டிய பெரியவர்கள் இரண்டு சொற்களை அடிக்கடி வழங்கி வந்தனர். ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். மூடைகள் முன்னே குவிந்தால் நுகம் எருதுகளின் கழுத்தை அமுக்கும். பின்னே குவிந்தால் நுகம் மேலெழும்ப, கழுத்துக் கயிறு அவற்றின் தொண்டையை இறுக்கும். ஆகவே வண்டிற்காரர் எத்தனை மூடை என்பதை மட்டும் பாராமல், எந்த மூடை எந்த இடத்தில் என்பதையும் பார்த்தே வண்டிலைப் பூட்டினார். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, ஏற்றப்படுவது மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு தாங்காது என்று எச்சரித்துள்ளார்.

நேயர்களே, நான்கு கால்களையுடைய எருதுகளும் அகன்ற சில்லுகளும் பூட்டிய வண்டிலுக்கே இவ்வளவு அவதானம் வேண்டுமாயின், நின்றால் தானாகச் சரிந்துவிடும் மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு வேண்டும்! நெடும்பயணத்துக்கு அதனை நாடுவோர் இந்நாளிற் பலர். எண்ணெயின் தரத்தையும் இயந்திரத்தின் ஓசையையும் நுணுகி ஆராயும் அவர்களிற் சிலர், பொதியைக் கட்டும்போது மட்டும், இடமுள்ள மட்டும் ஏற்றலாம் என எண்ணிவிடுகின்றனர். இடம் வேறு; வலிமை வேறு.

யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்படும் ஒரு கணவனையும் மனைவியையும் உதாரணமாகக் கொள்வோம். வண்டியின் கையேட்டிலே இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று, பெற்றோல் நிரம்பிய நிலையில் வண்டியின் நிறை. மற்றொன்று, ஆட்களும் பொதியும் உட்பட அது தாங்கத்தக்க மொத்த நிறை. முன்னது 195 கிலோகிராம், பின்னது 360 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். மிகுதி 165. கணவர் 72, மனைவி 58. ஆக 130 போய்விட்டது. மீதி 35. தலைக்கவசங்கள், தடித்த மேலங்கிகள், சப்பாத்துகள் 9 கிலோகிராம். பெட்டிகளைத் தாங்கும் இரும்புச் சட்டமும் வெறும் பெட்டிகள் இரண்டும் 14. எஞ்சியவை பன்னிரண்டே பன்னிரண்டு கிலோகிராம்! பன்னிரண்டு லீற்றர் தண்ணீரின் நிறையும் அதுவே. இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கையேடே பிரமாணம். ஆனால் கணக்கின் போக்கு எவ்வண்டிக்கும் பொருந்தும். ஏறியிருப்போரும் பாரமே என்பதையும், வெறும் பெட்டியும் பாரமே என்பதையும் மறந்தவர்களே பெரும்பாலும் எல்லையைத் தாண்டுகின்றனர்.

சட்டத்துக்கும் பெட்டிக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. ரயரின் பக்கத்திலும் அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும் சுட்டெண் பொறிக்கப்பட்டிருக்கும். 66 என்றிருந்தால், உரிய காற்றழுத்தத்தில் அந்த ரயர் 300 கிலோகிராம் தாங்கும் என்பது பொருள். இவ்வெல்லைகளுள் எது சிறியதோ அதற்கே பணிய வேண்டும்.

அளவு தெரிந்தபின் இடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முன்னர் துலா மிதித்து நீர் இறைத்தார்கள். மிதிப்பவர் தாங்குமரத்தைக் கடந்து அடிப்பக்கமாக ஓரடி வைக்க, எதிர்முனையிலே நீர் நிறைந்த பட்டை மேலெழும். மோட்டார் சைக்கிளின் பின்சில்லு அச்சே இங்கு தாங்குமரம். அவ்வச்சுக்கு அப்பால் வால்பக்கத்திலே பாரமான பொதியை ஏற்றினால், முன்சில்லு அந்தப் பட்டையைப் போல மேலெழ முயலும். அது தரையை விட்டு எழாவிட்டாலும், தரையை இலேசாகவே தொடும். திருப்பினால் வண்டி சொற்கேளாது; வேகம் கூடினால் கைபிடி நடுங்கும்; பிறேக்குப் பிடித்தால் முன்சில்லு வழுக்கவும் கூடும்.

ஆகவே பாரமானவை தாழ்வாகவும் நடுவை அணுகியும் இருக்க வேண்டும். கருவிகள், பூட்டு, தண்ணீர்ப் போத்தல் ஆகியவை பக்கப் பெட்டிகளின் அடியிலே, முன்னோரத்தை ஒட்டி அமையட்டும். போர்வை, உடுப்பு போன்ற இலேசானவை மேலும் பின்னும் செல்லட்டும். காவுதடியின் இரு தட்டுகளையும் போல இடமும் வலமும் நிறை ஒத்திருத்தல் வேண்டும். கண்ணாற் பார்த்து முடிவு செய்யாது தராசில் நிறுத்துப் பார்ப்பது நன்று. கைபிடியில் எதனையும் தொங்கவிடலாகாது. முதுகுப் பையிலே கனமானவற்றைச் சுமப்பதும் தவறு. நெடுநேரத்தில் தோள் சோரும். விழ நேர்ந்தால் பையிலுள்ள கடினமான பொருள் முள்ளந்தண்டையே தாக்கும்.

உயரமாக அடுக்குவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆனையிறவில் கடனீரேரியைக் கடக்கையில் சோளகக் காற்று பக்கவாட்டில் மோதும். உயர்ந்த பொதி அக்காற்றுக்குப் பாய் விரித்தது போலாகும்.

இனிக் கட்டும் முறை. பொதி அசையுமானால், சரியாக வைத்ததும் பிழையாகிவிடும். இரு முனைகளிலும் கொழுக்கியுள்ள இழுபடும் இறப்பர்க் கயிறு பலராலும் விரும்பப்படுவது. அது பாரத்தோடு தானும் நீளும். குலுங்கும்போது கொழுக்கி கழன்று சில்லிற் சிக்கலாம். இழுத்து மாட்டும்போது கைதவறினால் கண்ணைப் பதம் பார்க்கும். நீளாத நெய்த பட்டியும் இறுக்கும் பூட்டுமே நம்பத்தக்கவை. பட்டியின் மிகுதி நுனியைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். தொங்கும் நுனியும், சேலைத் தலைப்பும், கழுத்துத் துணியும் சங்கிலிக்கும் சில்லுக்கும் இரையாகக் கூடியவை. பையானது புகைக்குழாயைத் தொடாமலும், பின்விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறையாமலும் இருக்கின்றதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

பொதி ஏறிய வண்டி, பொதி ஏறாத வண்டியன்று. காற்றழுத்தத்தை ரயர் குளிர்ந்திருக்கும்போதே கையேடு கூறும் அளவுக்கு உயர்த்த வேண்டும். பின் சுருள்வில்லைப் பாரத்துக்கேற்ப இறுக்க வேண்டும். வால் தாழ்ந்தால் முகவிளக்கு மேல்நோக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதையும் சீர்செய்ய வேண்டும். பின்னர் புறப்படும் நாளுக்கு முன்னரே, முழுப் பாரத்தோடும் ஊருக்குள் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, திருப்பிப் பழக வேண்டும். பயணத்தன்றும் முதல் இருபது கிலோமீற்றரில் இறங்கிப் பட்டிகளைச் சோதிப்பது அவசியம். பொதிகள் குலுங்கி அமர்ந்தபின் பட்டிகள் தளர்வது இயல்பு.

1952ஆம் ஆண்டில் மருத்துவ மாணவராயிருந்த ஏர்னெஸ்டோ சேகுவேராவும் அவர் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் ஆர்ஜென்ரீனாவிலிருந்து பழைய நோர்ட்டன் மோட்டார் சைக்கிள் ஒன்றிலே தென் அமெரிக்கப் பயணம் புறப்பட்டனர். வண்டி பழையது, பாதை கரடுமுரடானது, ஏறியவர் இருவர், அவர்களோடு பொதிகளும். பலமுறை விழுந்தெழுந்த அவ்வண்டி சிலி நாட்டிலே பயனற்றுப் போயிற்று. பயணத்தின் பெரும்பகுதியை அவர்கள் வண்டியின்றியே கடக்க நேர்ந்தது. பாரம் ஒன்றே காரணம் என்று கூறல் நீதியன்று. எனினும் வலிமை குன்றிய வண்டிக்குப் பாரம் எவ்வளவு பகை என்பதற்கு அது சான்று.

நமது தம்பதியரிடம் திரும்புவோம். ஏ-9 வீதியிலே வவுனியாவும் தம்புள்ளையும் கடந்து கண்டி வரை ஏறக்குறைய 320 கிலோமீற்றர். அதுவரை பெரும்பாலும் சமதரையாதலால், மிகைப்பாரம் தன் குறையை அதிகம் வெளிக்காட்டாது. கம்பளை தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைந்தபின் இறங்கும்போதே அது தெரியவரும். ஐந்திலொரு பங்கு நிறை கூடினால், அதே வேகத்திலிருந்து நிறுத்துவதற்குப் பிறேக்கு விழுங்க வேண்டிய சக்தியும் ஐந்திலொரு பங்கு கூடும். நீண்ட இறக்கத்தில் பிறேக்குச் சூடேறிப் பிடிப்பை இழக்கலாம். தாழ்ந்த கியரில் இயந்திரத்தாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, முன்செல்லும் வாகனத்துக்கு வழக்கத்திலும் கூடிய இடைவெளி விட்டு இறங்குவதே அறிவுடைமை.

அப்படியாயின் பன்னிரண்டு கிலோகிராமுக்குள் எதனைக் கொண்டுசெல்வது? மழையங்கி, முதலுதவிப் பெட்டி, சிறு கருவிகள், நுவரெலியாக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, மூன்று நாளுக்குரிய மாற்றுடை ஆகியவை முதலில் வரட்டும். உடுப்பை வழியிலே தோய்த்து உலர்த்தலாம். உறவினருக்கென்று கட்டிய கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையும் பனங்கட்டிக் குட்டான்களும் பேருந்திலோ புகையிரதத்திலோ போகட்டும். அன்போடு கொடுத்தனுப்பும் பொருளை மறுப்பது கடினமே. ஆயினும் அந்தக் கூடை ஏறும் இடம், பின்னிருக்கையில் இருப்பவளுக்குப் பின்னால், அச்சுக்கும் அப்பால்.

வண்டி ஓட்டுபவர் கைபிடியைப் பற்றியிருக்கிறார். முன்னே வருவதைக் காண்கிறார். பின்னே இருப்பவருக்கோ அவ்விரண்டும் இல்லை. முதல்நாள் மாலை முற்றத்திலே அவர் எதைக் கழற்றி வைத்தார் என்பதிலேயே, மறுநாள் மலைச்சரிவில் அவள் உயிருக்கான காவல் பெரிதும் தங்கியிருக்கின்றது.