லிஸாவெதாவை மறக்கவிடாத நாவல்



கொன்றது யார் என்று கடைசிப் பக்கம்வரை தேட வைப்பதுதான் குற்றக் கதைகளின் வழக்கம். தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொலை முதல் பாகத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. மீதி ஐந்து பாகங்களும் அந்த ரகசியத்தைச் சுமக்க முடியாமல் ஒருவன் படும் பாடு.

பீட்டர்ஸ்பர்க் நகரம், ஜூலை மாதப் புழுக்கம். சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் கிழவி அல்யோனாவைக் கோடரியால் கொல்கிறான். ஏழைகளை உறிஞ்சுகிறவள், செத்தால் ஊருக்கு நல்லது என்பது அவன் கணக்கு. அந்த நேரம் பார்த்து உள்ளே வருகிறாள் கிழவியின் தங்கை லிஸாவெதா. வாயில்லாப் பூச்சி, அக்காளிடம் அடிவாங்கியே உழைத்தவள். அவளையும் வெட்டுகிறான். முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

திருடியதைக் கல்லுக்கடியில் ஒளித்து வைக்கிறான். பணப்பையைத் திறந்தும் பார்க்கவில்லை. கிழவியைக் கொன்றது சரியா என்று ஓயாமல் தனக்குள் வாதாடுகிறவன், லிஸாவெதாவை ஏறக்குறைய நினைப்பதே இல்லை. அவளைக் கொன்றதற்கு அவனுடைய எந்தத் தத்துவத்திலும் இடமில்லையே! நாவலின் ஆறாத புண் இதுதான் என்று நினைக்கிறேன்.

தஸ்தயேவ்ஸ்கி அவனை அப்படி மறக்க விடுவதில்லை. குடும்பத்தின் பசிக்காகத் தன்னையே விற்கும் சோனியா, லாசரு உயிர்த்தெழுந்த கதையை அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். இந்தப் புதிய ஏற்பாடு ஏது என்று கேட்கிறான். லிஸாவெதா கொடுத்தது என்கிறாள். இருவரும் தோழிகள், சிலுவை மாற்றிக்கொண்டவர்கள். பிறகு சோனியாவிடம் உண்மையை வெளியிடும் கணத்தில், அவள் முகத்தில் அவன் காண்பது லிஸாவெதாவின் முகத்தை.

காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் மீட்சி வந்துவிடுவதில்லை. சைபீரியாவில் 8 ஆண்டு கடுங்காவல். அங்கே போயும் மனம் வருந்தாமல், தோற்றுப்போனதுதான் தன் தவறு என்று பொருமுகிறான். ஓம்ஸ்க் சிறையில் 4 ஆண்டு கொலைகாரர்களோடு கிடந்தவர் தஸ்தயேவ்ஸ்கி. மனம் எத்தனை மெதுவாகக் கனியும் என்பதை அருகிருந்து பார்த்தவர். அதனால்தான் ரஸ்கோல்னிகோவ் சோனியாவின் காலடியில் விழுந்து அழும் நாளைப் பின்னுரையின் கடைசிப் பக்கங்கள்வரை தள்ளி வைக்கிறார். அப்போது அவன் தலையணைக்கடியில் இருப்பதும் லிஸாவெதா கொடுத்த அதே புத்தகம்தான்.

எம்.ஏ.சுசீலாவின் மொழிபெயர்ப்பில் இந்த நாவல் தமிழில் கிடைக்கிறது. வாசிக்கும்போது லிஸாவெதாவின் பெயர் வரும் இடங்களில் கொஞ்சம் நின்று போங்கள்.